புல்நுனியில் காத்திருக்கும் காய்ச்சல்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கல்லாற்றைப் பார்க்காத குடும்பம் ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே. நெல்லையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ உறவினர் வந்து இறங்கினால் முதல் நாள் பத்மநாபசுவாமி கோயில், மறுநாள் கோவளம், அதற்கடுத்த நாள் பொன்முடி என்று நம் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொன்முடிக்குப் போகும் வழியில் நெடுமங்காடும் விதுரையும் தாண்டியபின், 22 கொண்டை ஊசி வளைவுகளும் தொடங்குவதற்கு முன்பாக, கல்லாறு வந்துவிடும். பெயருக்கு ஏற்றாற்போல் உருண்டு திரண்ட பாறைகள், அவற்றினூடே கண்ணாடி போன்ற தண்ணீர். இந்த ஆறுதான் கீழே இறங்கி வாமனபுரம் ஆற்றோடு சேர்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கரையிலுள்ள புல்லில் ஜமுக்காளத்தை விரித்து, புளியோதரையும் தயிர்ச்சாதமும் பிரித்துச் சாப்பிட்ட நினைவு இல்லாதவர் நம்மில் யார்?

அங்கே நாம் எவற்றுக்கெல்லாம் அஞ்சுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆற்றுச் சுழலுக்கு அஞ்சுகிறோம். அது நியாயமான அச்சம். அழகிய அந்தத் தண்ணீர் எத்தனையோ இளைஞர்களை விழுங்கியிருக்கிறது. மீன்முட்டி அருவிக்கு நடக்கும்போது அட்டைக்கு அஞ்சி உப்புப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொள்கிறோம். பாம்புக்கு அஞ்சுகிறோம். விஷக்கடிக்கு மூலிகை மருந்து தருவதில் பேர்பெற்றவரும், 2018-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவருமான காணி இனத்தைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊரும் இந்தக் கல்லாறுதான் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

பாம்பு கடித்தால் கடித்தது தெரியும். அட்டை கடித்தால் இரத்தம் சொட்டும். நான் சொல்ல வந்தது இவை இரண்டையும் பற்றி அல்ல. குங்குமத்தைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தூவினால் ஒரு துகள் எவ்வளவு இருக்கும்? ஏறத்தாழ அந்த அளவே உள்ள ஒரு பூச்சி. வலிக்காமல் கடிக்கும், கடித்து இரண்டு மூன்று நாளில் தானாக உதிர்ந்து போய்விடும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும்போது அந்தப் பூச்சியின் நினைவே யாருக்கும் இருக்காது. நினைவிருக்க நியாயமும் இல்லை, அதைத்தான் யாரும் பார்க்கவே இல்லையே!

தமிழ்நாட்டில் இதை உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். கேரளத்தில் செள்ளுப்பனி. மருத்துவர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதர்க்காட்டு டைபஸ் என்று பொருள். பெயர் விஷயத்தில் நாம் சற்று நின்று போவது நல்லது. நம் ஊர்ப் பெயரைச் சொல்லி, "உண்ணிக் காய்ச்சலா இருக்குமோ?" என்று இங்குள்ள அக்கம்பக்கத்தாரிடம் கேட்டால் விழிப்பார்கள். மலையாளத்தில் உண்ணி என்றால் முதலில் நினைவுக்கு வருவது குழந்தை அல்லவா! பனி என்பதோ அவர்களுக்குக் காய்ச்சல், நமக்கு மார்கழிக் குளிர். பனித்தல் என்றால் நடுங்குதல் என்று பழந்தமிழிலும் பொருள் உண்டு என்பதால் இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையாகவே எனக்குத் தோன்றும். ஆயினும் ஆஸ்பத்திரியில் சொல்லாராய்ச்சிக்கு இடமில்லை. இந்தச் சிறு சொற்குழப்பம் என்ன பாடு படுத்தும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொரு திருத்தமும் தேவை. நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் கொழுத்துத் தொங்குகிறதே உண்ணி, அது வேறு. இந்தக் காய்ச்சலைத் தருவது உண்ணியின் தூரத்து உறவான சிற்றுண்ணி. முப்பது ஆண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்தவள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். பொறுத்தருள்க.

சிற்றுண்ணி முட்டையிலிருந்து வெளிவரும்போது ஆறு கால்களோடு வருகிறது. வளர்ந்தபின் எட்டுக் கால். வளர்ந்த பூச்சி மண்ணுக்குள் பிற பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும் பரம சாது. மனிதனை அது தொடுவதே இல்லை. ஆறு கால் குஞ்சுதான் கடிக்கிறது. அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு முறை. புல்நுனியிலும் உதிர்ந்த இலைகளிலும் கூட்டமாக ஏறி உட்கார்ந்திருக்கும். எலியோ மூஞ்சூறோ மனிதனோ அருகில் வந்தால், விடும் மூச்சுக்காற்றையும் அசைவையும் கொண்டு அறிந்து தொற்றிக்கொள்ளும். நாம் நினைப்பதுபோல் அது இரத்தம் குடிப்பதில்லை. எச்சிலால் தோலின் திசுவைக் கரைத்து, அந்தச் சாற்றை உறிஞ்சுகிறது. அந்த எச்சிலோடு இறங்குவதுதான் ஒரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா. ஜப்பானியர் வைத்த பெயர். ஆற்றங்கரை வயல்களில் வேலை செய்த ஜப்பானிய உழவர்கள் இந்த நோயால் நெடுங்காலம் அல்லல்பட்டவர்கள். முஷி என்றால் அவர்கள் மொழியில் பூச்சி.

இங்கே என் மாணவிகளில் கெட்டிக்காரி ஒருத்தி எழுந்து நின்று கேட்டிருப்பாள்: "டீச்சர், வாழ்நாளில் ஒரே தடவைதான் கடிக்கும் என்றால், ஒருவரிடமிருந்து கிருமியை எடுத்து இன்னொருவருக்கு அது எப்படிக் கொடுக்கும்?" கொடுக்காது என்பதே விடை. கொசு மலேரியாவைப் பரப்புவது போன்ற கதை அல்ல இது. கிருமி தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு வருகிறது. பிறக்கும்போதே கிருமியோடு பிறக்கிறது. ஆகவே நோயின் இருப்பிடம் எலி என்பதைவிட, பூச்சியே என்பதுதான் சரி. எலியின் வேலை, பூச்சிக்கு ஒரு வேளை உணவு தருவதும், அதைச் சுமந்து புதிய இடங்களுக்குக் கொண்டு சேர்ப்பதும். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு இது ஒட்டுவதே இல்லை. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுக்கவும் பக்கத்தில் படுக்கவும் பயப்பட வேண்டியதில்லை.

இதே காரணத்தால்தான் ஓரிடத்தில் பூச்சி இருக்கும், பத்தடி தள்ளி இருக்காது. ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வருவதன் மர்மமும் இதுதான். அடர்ந்த காட்டின் நடுவைவிடக் காட்டின் ஓரமே இதற்குப் பிடித்த இடம். வெட்டிவிட்டபின் மீண்டும் புதர் மண்டிய நிலம், ஆற்றங்கரைப் புல், கவனிப்பாரற்ற தோட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் சுற்றுலாவுக்குத் தேர்ந்தெடுப்பதும் அதே ஓரங்கள்தானே!

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். பாளையங்கோட்டையிலிருந்து என் மதினி, அதாவது மூத்த அண்ணன் மனைவி, பொங்கல் வரை எங்களோடு இருப்பதாக வந்திருந்தார். வழக்கம்போல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து 14 பேர் கல்லாற்றுக்கும் பொன்முடிக்கும் போய்வந்தோம். மதினி மலை ஏறவில்லை. முழங்கால் வலி. ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து பிள்ளைகளின் ஈரத் துணிகளைப் புதர்மேல் காயப்போட்டு மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

பதினோராம் நாள் தலைவலி, அன்று மாலையே காய்ச்சல். அருகிலிருந்த ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "பனி உண்டோ?" மதினி என்னைப் பார்த்து, "பனியா? இந்த ஊர்ல எங்க பனி, வெக்கையால்லா இருக்கு" என்றார். சிரித்துவிட்டோம். அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இரத்தம் பார்த்து, டைபாய்டு லேசாக இருப்பதாகச் சொல்லி, ஊசி தொடங்கினார்கள். ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் ஒரு கோடு இறங்கவில்லை. ஆறாம் நாள் விடியற்காலையில் கண்கள் செவசெவ என்று சிவந்து, மூச்சு மேலும் கீழும் வாங்க, "அம்மா வந்திருக்கா, காப்பி போடு" என்று இறந்துபோன தம் தாயாரைக் குறித்துப் பேச ஆரம்பித்தார். எங்களுக்குக் கைகால் ஓடவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது என்பதே பெரிய பாடாகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்தவர் ஒரு இளம் பெண் டாக்டர். இரத்தப் பரிசோதனைக்குச் சொல்லும்போதே மலையாளத்தில் எங்களைப் பார்த்து, காட்டுப் பக்கம் எங்காவது போயிருந்தீர்களா என்று கேட்டார். பொன்முடி என்றேன். "எப்போது?" நாள் கணக்கிட்டுச் சொன்னேன். உடனே நர்ஸை அழைத்துத் திரையை இழுக்கச் சொல்லிவிட்டு, தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், அக்குளில் என்று தேடத் தொடங்கினார். அந்த அரை மயக்கத்திலும் மதினி சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அங்கெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர்" என்கிறார். நான்தான் கையைப் பிடித்து விலக்கினேன். இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்துக்குக் கீழே, ஒரு மிளகைத் தட்டி ஒட்டவைத்தாற்போல் கறுப்பாக ஒரு பொருக்கு; சுற்றிலும் சிவப்பு வளையம். சிகரெட்டால் சுட்ட வடு என்று சொல்லலாம். தொட்டால் வலி இல்லை. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. டாக்டர் நர்ஸிடம் சொன்ன ஒரே வார்த்தை, "செள்ளு."

பூச்சி ஏறியது காலில்தான் இருக்க வேண்டும். ஆனால் தோலில் ஊர்ந்துகொண்டே போய், துணி இறுகித் தடுக்கும் இடத்தில் நின்று கடிப்பது அதன் வழக்கம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இத்தகைய கரும்பொருக்கு உள்ள 418 நோயாளிகளைப் பார்த்து, உடம்பில் எங்கெங்கே அது இருந்தது என்று வரைபடமே போட்டிருக்கிறார்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் மார்பிலும் வயிற்றிலும். ஆண்களுக்கு அக்குள், தொடையிடுக்கு, பிறப்புறுப்பு. சொல்லக் கூசும் இடங்களாகவே பார்த்துக் கடிக்கிறது பாருங்கள்! நம் வீட்டுப் பெண்கள், அதிலும் வயதானவர்கள், உயிர் போனாலும் காட்டமாட்டார்கள். ஆண்கள் மட்டும் என்னவாம், டாக்டரே கேட்டாலும் "அதெல்லாம் இல்லை" என்று முடித்துவிடுவார்கள். எல்லா நோயாளிகளிடமும் இந்தப் பொருக்கு இருப்பதில்லை. நம் மாநிறத் தோலில் இருந்தாலும் எளிதில் தெரிவதில்லை. இருந்து கண்ணில் பட்டுவிட்டாலோ, பரிசோதனைக் கூடத்து முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

மதினிக்கு அன்றிரவே டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து தொடங்கப்பட்டது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை உடம்பு வியர்த்துக் காய்ச்சல் விட்டது. பெரிய பெரிய ஊசிகளால் ஆகாததைச் செய்தது மிக மலிவான, எந்த மருந்துக் கடையிலும் உள்ள ஒரு பழைய மருந்து. காரணம் எளிது. இந்தக் கிருமி நம் உடலின் உயிரணுக்களுக்கு உள்ளே புகுந்து வாழ்வது. அதன் உறையும் மற்றக் கிருமிகளுடையது போன்றதல்ல. அதனால் பென்சிலின் வகையைச் சேர்ந்த மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. ஐந்து நாள் போட்ட ஊசியும் அவ்வகைதான். இப்படிச் சொன்னதும் யாரும் டாக்ஸிசைக்ளினை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் என்ற வேறு மருந்து கொடுப்பார்கள், குழந்தைகளுக்கு அளவு வேறு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தப் பூச்சி கல்லாற்றில்தான் ஏறியதா? நான் சத்தியம் செய்யமாட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு மனை, இடுப்பளவு புதரும் பெருச்சாளியுமாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் மதினி தினமும் தூதுவளை பறிக்கப் போவார். டாக்டரும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம் என்றுதான் சொன்னார். கல்லாற்றுக்காரர்கள் என்மேல் வருத்தப்படக்கூடாது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் இந்நோய் மலையோரத்தோடு நிற்பதில்லை. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வர்க்கலை அருகே பள்ளி மாணவி ஒருத்தியும், சில நாட்களிலேயே பாறசாலைப் பகுதியில் ஒரு பெண்மணியும் செள்ளுப்பனியால் இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. வர்க்கலை கடற்கரை ஊர். பாறசாலை நம் குமரி மாவட்டத்து எல்லை.

டைபாய்டு என்று தவறாக எண்ணப்பட்டதைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. அதில் தமிழர்களுக்கும் தொடர்பு இருப்பதால் சொல்கிறேன். நம் பாட்டன்மார் காலத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்கள் ரப்பர்த் தோட்டங்களிலும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் காடு வெட்டினார்கள். 1920-களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், லெஸ்லர் என்ற இருவர் அங்கே இரண்டு விதமான டைபஸ் காய்ச்சல் இருப்பதைக் கண்டார்கள். ஒன்று ஊருக்குள் கடைகண்ணிகளில் வருவது, மற்றொன்று தோட்டத்துப் புதர்களில் வேலை செய்வோருக்கு வருவது. இரண்டையும் பிரித்துக் காட்டியது ஒரு தற்செயல். இரத்தப் பரிசோதனைக்கு வேண்டிய ஒரு கிருமி வகையைக் கிங்ஸ்பரி என்பவர் லண்டனிலிருந்து கொண்டுவந்திருந்தார். அது மற்ற டைபஸ் நோயாளிகளின் இரத்தத்தோடு சேராமல் தோட்டத்து நோயாளிகளின் இரத்தத்தோடு மட்டும் சேர்ந்தது! வீல்-ஃபெலிக்ஸ் சோதனையில் இன்றும் ஓஎக்ஸ்-கே என்று எழுதப்படுவதில் உள்ள 'கே', அந்தக் கிங்ஸ்பரியின் முதலெழுத்து.

பிறகு 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் ஸ்மேடலின் குழு குளோராம்பெனிகால் என்ற புதிய மருந்தை எடுத்துக்கொண்டு அதே கோலாலம்பூருக்கு வந்தது. புதர்க்காட்டு டைபஸ் அதற்குக் கட்டுப்பட்டது. அப்போது, அந்நோய் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னால் தெரியவந்தது. அவரும் பிழைத்துக்கொண்டார். டைபாய்டுக்கு முதன்முதலாக மருந்து கிடைத்ததே இப்படித்தான். இந்த இரண்டு காய்ச்சல்களையும் ஒன்றை மற்றொன்றாக எண்ணுவது அனுபவம் மிக்க ஆராய்ச்சியாளர்களுக்கே நேர்ந்திருக்கிறது. எங்கள் பகுதி மருத்துவமனையைக் குறைகூற எனக்கு மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு, இது எல்லாம் முதல் நான்கைந்து நாட்களில் ஒரே முகத்தோடு வருகின்றன. இதிலும் இரத்தத்தில் தட்டணுக்கள் குறையும். முதல் வாரத்தில் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாமலும் போகலாம்.

இனி, உண்மையான உண்ணிக்கு வருவோம். இது சிற்றுண்ணியைப் போல் ஒரே முறை கடித்து விரதம் இருக்கும் ஜாதி அல்ல. குஞ்சாக ஒரு முறை, இளம்பருவத்தில் ஒரு முறை, வளர்ந்தபின் ஒரு முறை என்று மூன்று பருவத்திலும் இரத்தம் குடிக்கிறது. அதனால் ஒரு விலங்கிடம் எடுத்ததை அடுத்ததற்குக் கொடுக்க முடியும். உண்ணியால் காய்ச்சல் பரவுகிறது என்பதை 1906-இல் அமெரிக்காவின் மொண்டானா மலைப்பகுதியில் நிரூபித்தவர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ். நான்கே ஆண்டுகளில், மெக்ஸிகோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அந்நோய்க்கே பலியானார். இந்த வகைக் கிருமிகளுக்கு ரிக்கெட்சியா என்று அவர் பெயரையே வைத்தார்கள். நம் நாட்டில் குமாவோன் மலையில் உண்ணிக் கடிக்குப் பின் தமக்கே வந்த காய்ச்சலைப் பற்றி மெகா என்ற மருத்துவர் 1921-இல் எழுதினார். இந்திய உண்ணி டைபஸ் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். நாயின்மேல் சாதாரணமாகக் காணப்படும் பழுப்பு உண்ணியும் இதைப் பரப்பக்கூடியது. இதில் சிவப்புப் புள்ளிகள் கிளம்பும். அவை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வந்தால் டாக்டர்கள் உடனே இதை நினைப்பார்கள். மருந்து அதே டாக்ஸிசைக்ளின்.

வீட்டில் நாய் வளர்ப்போர் கவனிக்க: நாயின் உண்ணியைப் பிடுங்கி விரல் நகத்தில் நசுக்குவது நம்மில் பலருக்கு ஒரு பொழுதுபோக்கு. அதைக் கைவிடுங்கள். நசுங்கிய உண்ணியிலுள்ள கிருமி விரலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவும், அதே விரலால் கண்ணைத் துடைத்தாலும் உள்ளே போகும். மனிதர்மேல் உண்ணி ஒட்டியிருந்தால், சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் சரி. உண்ணிக்கு அவை ஆகாது. மண்ணெண்ணெய், தீக்குச்சிச் சூடு எதுவும் ஆகாது. சூடு பட்டால் அது தன் வயிற்றிலுள்ளதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கிவிடக்கூடும். உண்ணி ஒட்டியவுடன் கிருமி இறங்கிவிடுவதில்லை. பெரும்பாலும் சில மணி நேரமாவது ஆகும். ஆகையால் அன்றே பார்த்து எடுத்துவிடுவதில் பெரும் பயன் உண்டு. குரங்குக் காய்ச்சல் என்ற கியாசனூர்க் காட்டு நோயும் உண்ணியால் வருவதே. ஆனால் அது வைரஸ். இந்த மருந்து அதற்கு உதவாது. 1957-இல் ஷிமோகா பக்கம் தொடங்கி, 2015-இல் வயநாட்டில் பலரைத் தாக்கியது. அமெரிக்காவில் பிள்ளைகள் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருக்கும் லைம் நோய், மான் உண்ணியால் வரும் பாக்டீரியா நோய். இங்கே மிக அரிது. 2023-இல் எர்ணாகுளத்தில் ஒருவருக்குக் கண்டதாகச் செய்தி வந்தது.

அரிதல்லாதது நம் சிற்றுண்ணிக் காய்ச்சல்தான். எவ்வளவு பரவல் என்றால், வேலூர் மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்ததில், ஆண்டுக்குப் பத்து சதவீதம் பேர் வரை இக்கிருமி தொற்றியிருந்தது தெரிந்தது. 2025-இல் வெளிவந்த முடிவு இது. நல்ல வேளையாக, தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சலே வருவதில்லை. வந்தவர்களில் சிலருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போய்விடுகிறது. அப்படி முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது தனித்தனியே கொடுப்பதைவிட மேல் என்று 2023-இல் இந்திய மருத்துவர்களே சுமார் 800 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்கள். உலகம் முழுவதற்கும் பயன்படும் அந்த ஆராய்ச்சியின் தலைமையிடம் வேலூர் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருக்கலாம். தடுப்பூசி மட்டும் இதுவரை கிடையாது.

ஆகவே கல்லாற்றுக்குப் போகவே கூடாதா? போகலாம், தாராளமாகப் போகலாம். எங்கள் வீட்டார் அதன்பின் இருமுறை போய்வந்துவிட்டோம். புல்லில் நேரே உட்காராமல் பாறைமேலோ, தடித்த விரிப்பிலோ உட்காருகிறோம். முழுக்கால் துணியும் காலுறையும். டீட் கலந்த பூச்சிவிரட்டித் தைலம் கடைகளில் கிடைக்கிறது. அதைக் கணுக்காலிலும் மணிக்கட்டிலும் பூசுகிறோம். ஈரத் துணியைப் புதர்மேல் காயப்போடுவது அறவே கிடையாது, பையில் சுருட்டி வீட்டுக்கு. வீடு திரும்பியதும், எவ்வளவு களைப்பானாலும், உடுத்தியதையெல்லாம் வெந்நீரில் ஊறவைத்துவிட்டு, பீர்க்கங்கூடு போட்டு நன்றாகத் தேய்த்துக் குளியல். பூச்சி இடம் தேடி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே அதைத் தேய்த்துத் தள்ளிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வீட்டுக்குப் பின்னாலிருந்த மனையையும் உரிமையாளரைத் தேடிப்பிடித்துச் சுத்தம் செய்ய வைத்தோம். அதற்கு ஆன பாடு தனிக் கட்டுரை.

நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர்களுக்கு இந்நோயில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடித்ததற்கும் காய்ச்சலுக்கும் இடையே ஆறு நாள் முதல் மூன்று வாரம் வரை இடைவெளி இருக்கிறது. அதற்குள் விருந்தாளி ஊருக்குத் திரும்பியிருப்பார். கடி கல்லாற்றில், காய்ச்சல் கோவில்பட்டியில். அங்குள்ள டாக்டருக்கு இவர் காட்டுக்குப் போய்வந்தது எப்படித் தெரியும்? விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் நியூஜெர்சிக்கோ லண்டனுக்கோ திரும்பிப் போய்க் காய்ச்சலில் படுத்தால், அங்குள்ள இளம் டாக்டர் இந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார். எனவே எங்கள் வீட்டிலிருந்து புறப்படும் விருந்தாளிகளிடம் முறுக்கு, நேந்திரங்காய் வறுவலோடு ஒரு துண்டுச் சீட்டும் கொடுத்தனுப்புகிறேன். எந்தத் தேதியில் எந்தக் காட்டுக்குப் போனோம், மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் இதை டாக்டரிடம் காட்டவும், ஸ்க்ரப் டைபஸ் என்று சந்தேகிக்கவும், உடம்பு முழுக்கப் பொருக்கு தேடவும் என்று எழுதியிருக்கும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் வைக்கிறார்கள்.

இங்கேயே படுப்பவர்களுக்கு, புதிதாக வந்து மலையாளம் இன்னும் நாவில் ஏறாத குடும்பங்களுக்கு, இந்த இரண்டு வரி போதும்; மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "டாக்டரே, ஞங்ஙள் காட்டில் போயிருந்நு. செள்ளுபனி ஆயிரிக்குமோ?"